யாழ்ப்பாணத்து இளம் பொறியியலாளர்களுக்கு: முதல் ஐந்து வருடங்களில் எங்கே, எப்படிக் கற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு குடிசார் பொறியியலாளர். கட்டடம், நீர் வழங்கல் என்று 15 வருடமாக வடக்கிலேதான் வேலை. பட்டமோ டிப்ளோமாவோ முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பவை வருடா வருடம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். என் துறை குடிசார் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். மற்றத் துறையினர் அதைத் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிப் படியுங்கள்.

பட்டம் முடிந்துவிட்டது, வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்த மாதங்களில் என்ன செய்யலாம்?

ஒரு மாதம் ஓய்வெடுங்கள். நாலு வருடம் படித்த களைப்பு சும்மா போகாது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்து தொடங்குங்கள்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் அநேகமான வீடுகளில் கிணறு, மோட்டர், மேலே ஒரு தாங்கி இருக்கும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தாங்கியின் வாய்வரை உயரத்தை அளவுங்கள். தாங்கியின் வாயிலேயே பிடித்து, 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். 25 செக்கன் என்றால் செக்கனுக்கு 0.8 லீற்றர். உயரம் 12 மீற்றர் என்றால் தண்ணீரை ஏற்ற உண்மையில் தேவைப்படும் வலு சுமார் 94 வாட். மோட்டர் இழுப்பது 750 வாட் என்றால் மிச்சம் எங்கே போகிறது? குழாய் சிறிதா, வளைவு அதிகமா, தேவைக்கு மீறிய பம்பா? இதைக் கண்டுபிடித்து இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு படமும் கீறினால், நேர்முகத்தில் மேசையில் வைக்க உங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது. அளந்த எண்ணும் அதற்கான காரணமும் கையில் இருக்கிற பிள்ளையோடு பேச எவருக்கும் விருப்பம் வரும்.

குடிசார் பிள்ளைகள் வீட்டை அளந்து வரைந்து, பி.எஸ்.ஆர். எனப்படும் கட்டட வேலை விலைப்பட்டியலைக் கொண்டு மதிப்பீடு போடலாம். மின்பொறியியல் படித்தவர்கள் வீட்டுச் சுமையைக் கணக்கிட்டு, ட்ரிப் சுவிட்சும் புவித்தொடுப்பும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள், முடியும்வரை விடாதீர்கள்.

கூடவே, ஊரில் வேலை செய்கிற கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் போய் ஒரு மாதம் நின்று பார்க்கக் கேளுங்கள். சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் நிற்கலாம், பயணச் செலவாவது தரக் கேட்கலாம். ஆறு மாதம் சும்மா வேலை வாங்கப் பார்த்தால் வெளியே வந்துவிடுங்கள்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் இப்போதே சேர வேண்டுமா? அதனால் என்ன கிடைக்கும்?

இப்போதே சேருங்கள். மாணவராக இருக்கும்போதே சேரலாம், அதுதான் இன்னும் நல்லது.

அந்த நிறுவனம் 1906இல் சங்கமாகத் தொடங்கி, 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. எங்கள் நாட்டில் பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியை வழங்குவது அதுதான். ஆங்கிலத்தில் சாட்டர்ட் இன்ஜினியர் என்பார்கள். மாணவர், துணை உறுப்பினர், உறுப்பினர், அதற்கு மேலே ஃபெலோ என்று படிகள் உண்டு. உறுப்பினராகிப் பட்டயம் பெற, மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் பொறுப்புள்ள அனுபவமும் வேண்டும். பிறகு நீங்கள் செய்த வேலையை அறிக்கையாக எழுதி, மூத்த பொறியியலாளர்கள் முன் நேர்முகத்தில் அதை நியாயப்படுத்த வேண்டும்.

2014இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அதன் பொருள், இங்கே அங்கீகாரம் பெற்ற நாலு வருடப் பொறியியல் பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, ஐக்கிய இராச்சியம் போன்ற அங்கத்துவ நாடுகளின் தொழில்சார் அமைப்புகளும் சமமான அடிப்படைக் கல்வியாகக் கொள்ளும். ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட பாடநெறிக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும்தான். எனவே உங்கள் துறையும் நீங்கள் பட்டம் பெற்ற வருடமும் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். நண்பன் சொன்னான் என்று இருக்காதீர்கள்.

கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கில் நடக்கும் விரிவுரைக்கோ களப் பயணத்துக்கோ அழைப்பு வந்தால் போய்விடுங்கள். விரிவுரை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தேநீர் நேரத்தில் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ஒருவர் உங்கள் பக்கத்தில் நிற்பார். பத்து நிமிடத்தில் அவர் சொல்வது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பொறியியல் பேரவைப் பதிவும் இந்த நிறுவனத்தின் உறுப்புரிமையும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. இலங்கைப் பொறியியல் பேரவை 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. நிறுவனத்தின் உறுப்புரிமை உங்கள் தொழில்சார் தகுதியைக் காட்டும், பேரவைப் பதிவு சட்டப்படி அந்தத் தொழிலைச் செய்வதற்கானது. பட்டயப் பொறியியலாளர் மட்டுமல்ல, துணைப் பொறியியலாளர், இன்கோபரேட்டட் இன்ஜினியர், பொறியியல் டிப்ளோமாதாரி, பொறியியல் தொழில்நுட்பவியலாளர் என்று பல வகுதிகள் அதில் உண்டு. உங்கள் தகுதிக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பதிந்துவிடுங்கள்.

நான் பட்டதாரி இல்லை. எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) முடித்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. என் முதல் வேலைத்தளத்தில் மட்டம் பார்க்கும் கருவியைச் சரியாகப் பிடிக்கக் கற்றுத் தந்தவர் ஒரு டிப்ளோமாதாரி. இன்றைக்கும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், ஏழு மட்டங்கள் உண்டு. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்ட மட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரியில் டிப்ளோமா மட்டங்களைப் படிக்கலாம். அங்கிருந்து இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு வழி இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் இன்னொரு வழி. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆய்வுகூடத்துக்கு நாவலைப் பக்கம் போய்வர வேண்டி வரும், வருடமும் கூடும். அந்த வழியால் பட்டம் எடுத்தவர்களின் பொறுமையும் கைத்திறமையும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சர்வதேச அளவிலும் இடம் உண்டு. பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு சிட்னி உடன்படிக்கை, டிப்ளோமா மட்டத்துக்கு டப்ளின் உடன்படிக்கை என்று வாஷிங்டன் உடன்படிக்கைக்குத் தம்பிமார் இருவர் இருக்கிறார்கள். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால், உங்கள் படிப்பை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்.

அன்றன்றைக்குச் செய்த வேலையை எழுத ஒரு குறிப்பேடு வை, வை என்று எப்போதும் சொல்கிறீர்கள். அதில் என்ன எழுதுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நான் முதல் இரண்டு வருடமும் குறிப்பு எழுதவில்லை. வேலை செய்தேன், கற்றேன், எல்லாம் ஞாபகத்தில் இருக்கும் என்று நம்பினேன். பட்டயத்துக்கான அறிக்கை எழுத உட்கார்ந்தபோது பழைய புகைப்படங்களைப் பார்த்து, எந்தத் தூண், எந்த மாதம், ஏன் அந்த முடிவு என்று தேடித் தேடி எழுத வேண்டியிருந்தது. பாதி கிடைக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நான் கற்றதில் பாதி எனக்கே இல்லாமல் போயிருந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, என்ன எழுதுவது? திகதி, இடம், செய்த வேலை என்பவை எல்லோரும் எழுதுவார்கள். அவற்றோடு மூன்று விடயம் சேருங்கள்: நீங்கள் அளந்த எண், நீங்களோ உங்கள் மேலதிகாரியோ எடுத்த முடிவு, அதற்கான காரணம்.

ஒரு மாதிரி தருகிறேன். அதில் வரும் ஸ்லம்ப், ஈரக் கொங்கிரீட் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று காட்டும் அளவு. “தூண் கொங்கிரீட். கேட்ட ஸ்லம்ப் 100 மி.மீ., வண்டியில் வந்தது 160. திருப்பி அனுப்பினோம். ஆலையில் மணலின் ஈரத்தைக் கழிக்காமல் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். காலையில் மழை.” ஐந்து வரிதான். ஆனால் இதை எழுதியவருக்கு மழை நாளில் கொங்கிரீட் ஏன் தளரும் என்பது ஆயுளுக்கும் மறக்காது. ஏழாம் நாள் சோதனைக் கட்டியை (கியூப்) உடைத்த முடிவு வந்ததும் அதே பக்கத்தில் சேருங்கள். சாதாரண சீமெந்துக் கலவையில் 28 நாள் வலிமையின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் ஏன் என்று தேடுங்கள், தேடியதையும் எழுதுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு உதாரணம். தீவகத்திலோ கடலோரத்திலோ வேலை என்றால் கலக்கிற தண்ணீரை விசாரியுங்கள். கிணறு உவரா நல்ல தண்ணியா என்று மேசன்மாருக்கு நாக்கில் வைத்தாலே தெரியும். ஆனால் கம்பி போட்ட கொங்கிரீட்டில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைட்டுக்கு ஐரோப்பிய நியமம் வழக்கமாக வைக்கும் எல்லை சீமெந்தின் நிறையில் 0.4 சதவீதம். உவர் நீர், கடற்கரை மணல், கம்பிக்கு மேலே போதாத மூடுதடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்த வீட்டில் சில வருடத்திலேயே கம்பி துருப்பிடித்து, கூரைத் தட்டின் அடி பெயர்ந்து விழுவதைக் கண்டிருக்கிறேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் சோதித்தது, முடிவு என்ன என்று எழுதி வைக்கிற பொறியியலாளர் அந்த வீட்டுக்காரரின் வாழ்நாள் சேமிப்பைக் காப்பாற்றுகிறார்.

கடதாசிக் கொப்பி போதும். தொலைபேசியில் எழுதினாலும் சரி, ஆனால் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். கம்பனியின் இரகசிய விலைகளையும் மற்றவர்களைப் பற்றிய குறைகளையும் அதில் எழுதாதீர்கள். நாளைக்கு நேர்முகத்தில் அதைத் திறந்து காட்ட வேண்டி வரலாம்.

எந்த மென்பொருள்களைக் கற்பது? எல்லாம் விலை கூடியவையாக இருக்கின்றனவே?

விலையில்லாத நல்லவை நிறைய உண்டு. குழாய் வலையமைப்புக்கு ஈப்பாநெட், அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்டது. ஆறு, வெள்ளம் என்றால் அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவின் ஹெக்-ராஸ். வரைபடத்துக்கு கியூஜிஸ். முப்பரிமாண வரைவுக்கு ஃப்ரீகாட், மின்சுற்றுப் பலகைக்கு கீகாட், சூரிய சக்திக் கணிப்புக்கு சாம். இவை எல்லாம் சட்டப்படி இலவசம், உண்மையான அலுவலகங்களில் பயன்படுகின்றன.

களவாகத் திறந்த மென்பொருளைப் பாவிக்காதீர்கள். வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படி வரைந்த படத்தில் உங்கள் பெயர் போகிறது. பல நிறுவனங்கள் மாணவர்களுக்கு இலவசப் பதிப்புத் தருகின்றன. படிக்கும்போதே எடுத்துப் பழகுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். கைக்கணக்கில் ஒரு விடையை மட்டுமட்டாக எடுக்காமல் மென்பொருளைத் திறக்க வேண்டாம். திரையில் வருகிற எண் பத்து மடங்கு பிழைத்தாலும் அழகாகத்தான் தெரியும்.

இணையப் பாடநெறிகளின் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா?

பாடத்துக்கு மதிப்பு உண்டு. சான்றிதழுக்கு, சில துறைகளில் மட்டும்.

இந்தியாவின் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் எங்கள் பாடத்திட்டத்துக்கு மிக நெருக்கமானவை. பார்க்கக் காசு இல்லை, சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மண் பொறியியல், நிலக்கீழ் நீர், மின்வலு முறைமை என்று பல்கலைக்கழகத்தில் விளங்காமல் போன பாடத்தை அங்கே மறுபடி கேளுங்கள். எனக்கு நிலக்கீழ் நீர் விளங்கியது வேலைக்குப் போன பிறகுதான். எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்களும் உண்டு. கோர்செராவில் பணம் கட்ட முடியாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

வலையமைப்புத் துறையில் சி.சி.என்.ஏ. போன்ற பரீட்சைகளுக்கு வேலைச் சந்தையில் நேரடி மதிப்பு இருக்கிறது. திட்ட முகாமைக்கான பி.எம்.பி.யை முதல் வருடத்திலேயே எடுக்கப் பலர் அவசரப்படுகிறார்கள். பட்டதாரிகளுக்கே 36 மாத அனுபவமும் 35 மணித்தியாலப் பயிற்சியும் அதற்கு வேண்டும். அது மூன்று வருடம் கழித்துப் பார்க்க வேண்டிய விடயம்.

கொழும்பில் இருந்தால்தானே பெரிய வேலைகளைப் பார்க்கலாம்? யாழ்ப்பாணத்தில் கற்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் சுடும். நீங்கள் நிற்கிற தரை ஒரு பாடசாலை.

எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல். கீழே பிளவும் குகையுமாக இருக்கும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதன் முகங்கள். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கைபன்-ஹெர்ஸ்பேர்க் தொடர்பு என்று படித்திருப்பீர்கள்: கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நிற்கும். திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து 1 மீற்றர் குறைத்தால், காலப்போக்கில் உவர் 40 மீற்றர் மேலே வரும். கல்லில் பிளவு இருப்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது, ஆனால் தோட்டக்காரர் “கிணறு உவராகிவிட்டது” என்று சொல்லும்போது நடந்தது இதுதான். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் விடுவது ஏன் இங்கே இவ்வளவு முக்கியம் என்பதும் அந்தக் கல்லின் பிளவுகளில்தான் இருக்கிறது.

இதற்கு விடை தேடியவர்களின் வரலாறும் இங்கேயே கிடக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்ற எண்ணத்தைத் திட்டமாக்கினார். கனகராயன் ஆற்று நீர் வந்து சேரும் ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலில் இருந்து மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுபோவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டி உவரை வெளியே நிறுத்துவது என்பது அதன் உள்ளடக்கம். வேலைகள் ஒரு பகுதி நடந்து நின்றுபோயின. ஒரு சனிக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் போய்த் தடுப்பணையில் நின்று இரண்டு பக்க நீரையும் பாருங்கள். கியூஜிஸில் அந்த நீரேரிகளை வரையுங்கள். இதைவிட நல்ல நீரியல் பயிற்சியை நான் எங்கும் கண்டதில்லை.

புதிய வேலைகளும் உண்டு. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. உப்பைத் தடுக்கும் சவ்வின் ஊடாகத் தண்ணீரைத் தள்ளும்போது எதிர்த்து நிற்கும் கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் மட்டுமே சுமார் 27 பார். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்தால்தான் போதியளவு நன்னீர் பிரியும். மின்செலவு ஏன் முக்கியமாகிறது என்று இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு உடனே புரியும். எழுவைதீவில் காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கும் சேர்ந்த சிறு மின்வலையமைப்பு இருக்கிறது. பளையில் காற்றாலைகள். இன்னும் கீழே போனால் மன்னாரில் 30 சுழலிகளோடு ஏறக்குறைய 100 மெகாவாட். குழுவாகச் சேர்ந்து, எழுத்தில் அனுமதி கேட்டுப் பார்வையிடப் போங்கள். கேட்கிற கேள்விகளை முதலே எழுதி அனுப்பினால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கொழும்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உயர்ந்த கட்டடம், ஆழமான அத்திவாரக் குற்றி, பெரிய வடிவமைப்பு அலுவலகம் என்பவை அங்கேதான். இரண்டு மூன்று வருடம் போய்க் கற்றுவிட்டு வருவது நல்லதே.

நான் மென்பொருள் பக்கம். எனக்கு?

உங்களுக்கு இடம் ஒரு தடையே இல்லை. யாழ் ஐ.ரி. ஹப் நடத்திவரும் யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் பார்வையாளராகவாவது போங்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது மின், மின்னணுப் பொறியியலாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ட்ரிபிள்.ஈ.யின் மாணவர் கிளையில் சேர்ந்து, 24 மணித்தியாலம் தொடர்ந்து நடக்கும் எக்ஸ்ட்ரீம் நிரலாக்கப் போட்டியில் மூன்று பேர் அணியாக இறங்குங்கள்.

வழிகாட்டி ஒருவரின் கீழ் திறந்த மூல மென்பொருளில் வேலை செய்ய வைக்கும் கூகுளின் சமர் ஒஃப் கோட் 2005இல் தொடங்கியது. 2022இலிருந்து மாணவர் அல்லாத, திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். முதல் நாளிலேயே பெரிய முன்மொழிவு எழுத வேண்டாம். நீங்கள் பாவிக்கிற ஒரு திட்டத்தை எடுத்து, பிழை ஒன்றைத் திருத்துங்கள், ஆவணத்தில் ஒரு பந்தியைச் சீராக்குங்கள். அந்தச் சிறு திருத்தத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வரி வரியாகக் கருத்துச் சொல்வார். அதுதான் உங்கள் முதல் நல்ல ஆசிரியர்.

ஆங்கிலம் சரளமாக வராது. சிங்களமும் தெரியாது.

உயர்தரம் வரை தமிழில் படித்த எங்களில் பலருக்கு இது இருந்தது. பேச்சைவிட எழுத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம், உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒரு நிகழ்வை எடுத்து ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதிப் பாருங்கள். எழுதத் தெரிந்த விடயத்தைப் பேச அதிக நாள் எடுக்காது.

சிங்களத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அரச சேவையில் சேர்ந்தால் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி எப்படியும் வேண்டும். அதற்கு மேலாக, தெற்கிலிருந்து வந்த இயந்திர இயக்குநரோடு நாலு வார்த்தை அவர் மொழியில் பேசினால் வேலைத்தளத்தின் முகமே மாறும்.

பெண் பிள்ளை என்பதால் வீட்டில் சைட் வேலைக்கு விடத் தயங்குகிறார்கள். அலுவலக வேலையே போதுமா?

வேலைத்தள அனுபவம் இல்லாமல் வடிவமைப்பில் உறுதி வராது. ஆகவே போகத்தான் வேண்டும். ஆனால் வீட்டாரின் பயத்தைத் தள்ளிவிடாமல், அதில் நியாயமானதை எடுத்து முதலாளியிடம் கேளுங்கள்: மலசலகூடம் இருக்கிறதா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், இரவு கொங்கிரீட் என்றால் வாகனம் தருவார்களா. இவற்றை நேர்முகத்திலேயே கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக வேலை தராத இடம் வேலை செய்யத் தகுந்த இடம் இல்லை.

முடிந்தால் ஒருநாள் அம்மாவையோ அப்பாவையோ வேலைத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி அப்படிச் செய்தார். மேசன்மார் மகளிடம் அளவு கேட்டு வேலை செய்வதைக் கண்ட அப்பா, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

மேற்படிப்பு எப்போது?

இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகு. எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தவிக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரியும். மொறட்டுவையிலும் பேராதனையிலும் வேலை செய்துகொண்டு படிக்கக்கூடிய முதுநிலை நெறிகள் உண்டு. வெளிநாட்டுக்கு ஜப்பானின் மெக்ஸ்ட், ஜெர்மனியின் டாட், பொதுநலவாயப் புலமைப்பரிசில், எராஸ்மஸ் முண்டஸ் என்று பல. ஒவ்வொன்றின் விண்ணப்பக் காலத்தையும் ஒரு வருடம் முன்பே குறித்து வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இந்தியாவின் ஐடெக் குறுங்காலப் பயிற்சி. 1964இலிருந்து நடக்கிறது. பொதுவாக 25 முதல் 45 வயதுக்குள் வேலையில் இருப்பவர்களுக்கு, விமானச் சீட்டு, தங்குமிடம் உட்பட அவர்களே ஏற்கிறார்கள். சில வாரப் பயிற்சி என்பதால் வேலையை விட வேண்டியதில்லை.

வழிகாட்ட ஒருவரும் இல்லை. எப்படித் தேடுவது?

ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். குளம், வீதி, மின்கம்பி என்று இந்த மண்ணை அளந்தவர்கள். அவர்களிடம் போய் “எனக்கு வழிகாட்டுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் என்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரியாது. ஒரு வரைபடத்தையும் ஒரு கேள்வியையும் கொண்டு போங்கள். “ஐயா, இந்த வடிகால் ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகிறது?” என்று கேளுங்கள். தேநீர் ஆறுவதற்குள் மூன்று தலைமுறைக் கதை வரும். அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, முடிவைச் சொல்ல மறுபடி போங்கள். இரண்டாம் முறை போகிறவர்கள் குறைவு. அந்தப் பயணத்தில்தான் உறவு உண்டாகிறது.

காலை 7 மணிக்குப் போய் இரவு 7 மணிக்கு வருகிறேன். படிக்க நேரம் எங்கே?

நாளுக்கு 15 நிமிடம், குறிப்பேட்டுக்கு மட்டும். ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம், ஒரு பாடத்துக்கு. இதற்கு மேல் திட்டம் போட வேண்டாம், இரண்டாவது வாரத்திலேயே உடையும். வீட்டில் சத்தம் என்றால் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் போய் இருங்கள்.

பட்டயத்துக்கான பயிற்சிப் பதிவில் கையெழுத்து வைக்க மேலதிகாரி இழுத்தடிக்கிறார். என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், “பிறகு, பிறகு” என்று சொல்லிச் சொல்லியே 14 மாதப் பதிவு கையெழுத்தில்லாமல் நின்றது. அவர் வெளிநாடு போய்விட்டார். அந்த மாதங்களை நிரூபிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேலையில் சேரும்போதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவைப் பார்த்துக் கையெழுத்திடுவீர்களா என்று கேட்டு, அவருடைய சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுங்கள். முப்பது பக்கத்தை நீட்டினால் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. அப்படியும் நடக்கவில்லை என்றால், அதே வேலையை நேரில் கண்ட இன்னொரு பட்டயப் பொறியியலாளர் பார்வையிட்டுக் கையெழுத்திடலாமா என்று இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வேலை மாறுகிறீர்கள் என்றால், விலகல் கடிதம் கொடுப்பதற்கு முதல் நாள்வரை உள்ள பக்கங்களுக்குக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.